குருதியில் ஓர் இழை

கொங்கு நாட்டில், கரூரிலிருந்து காங்கேயம் வழியாகக் கோயம்புத்தூர் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் வெள்ளகோவில். அது திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மழை குறைந்த அந்நிலத்தில் மக்களுக்கு வாழ்வளிப்பவை பல. அவற்றுள் விசைத்தறியும் முருங்கையும் பெயர் பெற்றவை. தறிகள் ஓடும் ஓசை பகலிலும் இரவிலும் தெருக்களில் கேட்கும். தோட்டங்களில் விளைந்த முருங்கைக்காய்கள் கட்டுக் கட்டாக விற்பனைக்கு வந்து குவியும்.

துணி வாங்குவோர் அதன் நிறத்தையும் வழவழப்பையும் காண்பர். நெசவறிந்தவரோ துணியை வெளிச்சத்திற்கு எதிரே விரித்துப் பிடித்து, அதன் இழைகளை நோக்குவர். பாவில் ஓரிழை தவறிப் போயின், அதனைக் கண்டு சீராக்கும்வரை, அப்பழுது துணியின் நீளம் நெடுகிலும் தொடர்ந்து செல்லும் என்பதை அவர்கள் அறிவர். மனித உடலிலும் இத்தகைய நெசவு ஒன்று இடைவிடாது நடைபெறுகின்றது. அதில் தவறிய ஓரிழை பாட்டனிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து மகளுக்கும் தொடர்ந்து வருவதுண்டு. அப்பழுதைக் கண்டறியும் கலையே மரபுவழிச் செவ்வணு நோய்களுக்கான குருதி ஆய்வாகும்.

நெசவாளர் இல்லத்துச் சிறுமி ஒருத்தியின் முகம் வெளிறியிருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. படிப்பில் மனம் செல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவளைக் கண்ட பாட்டி, "முருங்கைக்கீரை சமைத்துக் கொடுங்கள், இரத்தம் ஊறும்" என்பாள். பாட்டி கூறுவது அறிவுடைய சொல்லே. சோகைக்கு மிகப் பொதுவான காரணம் இரும்புச்சத்துக் குறைவு. முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து உண்டு. கீரையும் மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையும் பல்லாயிரம் சிறுவர் சிறுமியரின் வெளிறலைப் போக்கியிருக்கின்றன.

ஆயினும் கீரை உண்டும், மாத்திரை உண்டும், மாதங்கள் பல கழிந்தும் வெளிறல் மாறாதவர்களும் உளர். நூல் இல்லாமையால் தறி நிற்பது வேறு. நூல் நிறைய இருந்தும் நெசவு பழுதாவது வேறு. முன்னதற்கு நூல் தந்தால் போதும். பின்னதற்கு எவ்வளவு நூல் தந்தாலும் பயனில்லை. இவ்விரு நிலைகளையும் முகத்தைப் பார்த்து மட்டும் பிரித்தறிதல் அரிது. அவற்றைப் பிரித்துக் காட்டும் இடம் ஆய்வுக்கூடமே.

செவ்வணுவின் இயல்பு

குருதி வெறும் சிவப்பு நீரன்று. வெளிர்மஞ்சள் நிறமான ஒரு நீரில் எண்ணற்ற நுண்ணிய அணுக்கள் மிதந்து செல்கின்றன. அவற்றுள் மிகுதியானவை செவ்வணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில், அதாவது கடுகினும் சிறிய ஒரு துளியில், ஏறத்தாழ 45 இலட்சம் முதல் 50 இலட்சம் செவ்வணுக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் நடுவில் இருபுறமும் சற்றுக் குழிந்த வட்டத் தட்டுப் போன்றது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால் அவற்றுள் ஏழெட்டுக் கூறுகளே. எலும்பினுள் இருக்கும் மச்சையில் பிறந்து, ஏறத்தாழ 120 நாள் உடலெங்கும் சுற்றி, இறுதியில் பெரும்பாலும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் அது அழிகின்றது.

செவ்வணுவின் தொழில், நுரையீரலில் பிராணவாயுவைப் பெற்று உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் கொண்டு சேர்ப்பது. அதற்காக ஒவ்வோர் அணுவும் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளைத் தன்னுள் அடக்கியுள்ளது. ஹீமோகுளோபின் என்பது இரும்பைத் தாங்கிய ஒரு புரதம். அதில் நான்கு தொடர்கள் பிணைந்துள்ளன. ஆல்பா என்னும் தொடர் இரண்டு. பீட்டா என்னும் தொடர் இரண்டு. ஆல்பாத் தொடரில் 141 அமினோ அமிலங்களும் பீட்டாத் தொடரில் 146 அமினோ அமிலங்களும் மணிமாலையில் மணிகள் போல் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. இன்ன மணிக்குப் பின் இன்ன மணி என்ற வரிசையை விதிப்பது பெற்றோரிடமிருந்து வரும் மரபுக் குறிப்பு.

இக்குறிப்பில் பிழை நேரும் வகைகள் பல. ஒரு மணிக்குப் பதிலாக வேறொரு மணி கோக்கப்படலாம். அரிவாள் அணுச் சோகை இவ்வகையினது. மணி மாறாமல், ஒரு தொடரே போதிய அளவு உண்டாகாமற் போகலாம். தலசீமியா எனப்படும் நோய் இவ்வகையினது. ஹீமோகுளோபினில் குறையின்றிச் செவ்வணுவின் மேலுறையில் குறை இருப்பின், தட்டுப் போன்ற அணு பந்து போல் உருண்டுவிடும். அணுவைக் காக்கும் நொதிகளுள் ஒன்று குறைந்திருப்பின், சில மருந்துகளை உட்கொண்டவுடன் செவ்வணுக்கள் திடீரென உடைந்து அழியும்.

மரபு செல்லும் வழி

ஹீமோகுளோபினின் பீட்டாத் தொடருக்குரிய குறிப்பை ஒவ்வொருவரும் இரண்டு படிகளாகப் பெறுகின்றனர். தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. ஒரு படியில் பிழையிருந்து மற்றொன்று செம்மையாக இருப்பின், செம்மையான படியே பெரும்பாலும் உடலைக் காத்துவிடும். அத்தகையோர் நோயாளர் அல்லர். நோய்க்கூற்றைத் தாங்கிச் செல்லும் தாங்குநர் ஆவர். உழைப்பதற்கும் ஓடியாடுவதற்கும் அவர்களுக்குப் பொதுவாகத் தடையில்லை. தாம் தாங்குநர் என்பதை வாழ்நாள் முழுதும் அறியாதிருப்போரும் உண்டு.

ஆனால் தாங்குநர் இருவர் மணந்துகொண்டால் நிலைமை வேறாகின்றது. இரண்டு நாணயங்களை ஒருங்கே சுண்டினால், இரண்டிலும் பூ விழும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதுபோலவே, அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் பிழையான படிகள் இரண்டையும் பெற்று நோயுறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாங்குநராகும் வாய்ப்பு நான்கில் இரண்டு. பிழை எதுவும் பெறாதிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற் குழந்தை நோயுற்றதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கருதுவது தவறு. நாணயம் ஒவ்வொரு முறையும் புதிதாகவே சுண்டப்படுகின்றது.

தமிழகத்தில் நெருங்கிய உறவில் மணம் புரியும் வழக்கம் உண்டு. ஒரே மூதாதையிடமிருந்து இறங்கிய பிழை, மணமகன் வழியாகவும் மணமகள் வழியாகவும் வந்து ஒரே குழந்தையிடம் சேர்வதற்கு இவ்வழக்கம் இடமளிக்கின்றது. ஆதலின் மரபுவழி நோய்களைப் பற்றிய அறிவு தமிழக மக்களுக்கு மிகவும் வேண்டற்பாலது.

அரிவாள் வடிவம் கண்ட வரலாறு

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான கிரனடாவிலிருந்து அமெரிக்கா சென்று, சிக்காகோ நகரில் பல் மருத்துவம் பயின்ற இளைஞர் ஒருவர் 1904-ஆம் ஆண்டில் நோயுற்று மருத்துவமனை சேர்ந்தார். அவருடைய குருதியை ஐரன்ஸ் என்னும் இளம் மருத்துவர் நுண்ணோக்கியில் கண்டபோது, வட்டமாக இருக்க வேண்டிய செவ்வணுக்களுள் சில நீண்டு வளைந்து, கதிர் அறுக்கும் அரிவாள் போலத் தோன்றின. அவருடைய தலைவரான ஜேம்ஸ் ஹெரிக் இச்செய்தியை 1910-இல் வெளியிட்டார். வடிவம் கண்டறியப்பட்டது, காரணம் மறைந்தே இருந்தது.

1949-இல் லைனஸ் பாலிங் என்னும் வேதியியலறிஞரும் அவருடைய துணைவர்களும் ஒரு புதுவழி கண்டனர். நோயாளரின் ஹீமோகுளோபினையும் நலமுடையோரின் ஹீமோகுளோபினையும் மின்புலத்தில் நகரச் செய்தனர். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்தன. தாங்குநரின் குருதியிலோ இருவகையும் கலந்து காணப்பட்டன. ஒரு நோயின் வேர் ஒரு மூலக்கூற்றின் மாற்றத்தில் உள்ளது என்று உலகம் முதன்முதலாக அறிந்தது அப்போதுதான். 1957-இல் கேம்பிரிட்ஜ் நகரில் வெர்னன் இங்கிராம் அம்மாற்றம் எத்தகையது என்பதைக் காட்டினார். குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வாலின் என்னும் வேறோர் அமினோ அமிலம் அமர்ந்திருந்தது. பீட்டாத் தொடரின் 146 மணிகளுள் ஆறாவது மணி ஒன்றே மாறியது. மற்ற 145 மணிகளும் செம்மையாகவே உள்ளன. எனினும் அவ்வொரு மணியின் மாற்றத்தால், பிராணவாயு குறைந்த இடங்களில் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கோல்களாகின்றன. அணு வளைந்து விறைக்கின்றது. மெல்லிய குழாய்களில் அது சிக்கிக் குருதியோட்டத்தை அடைக்கின்றது. நோயாளர் தாங்கொணா வலியால் துடிக்கின்றனர். 120 நாள் வாழவேண்டிய அணு 10 முதல் 20 நாளுக்குள் அழிவதால் சோகையும் உண்டாகின்றது.

நீலகிரியில் நடந்த ஆய்வு

கொங்கு நாட்டின் வடமேற்கில் அரண் போல நிற்பது நீலகிரி. அம்மலையிலும் அதன் சரிவுகளிலும் இருளர், குறும்பர், பணியர், தோடர், கோத்தர், படகர் முதலிய மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். அரிவாள் அணுக் கூறு ஆப்பிரிக்க வழியினருக்கே பெரும்பாலும் உரியது என்று மருத்துவர்கள் கருதியிருந்த காலம் அது. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஹெர்மன் லேமன் என்னும் அறிஞரும், மேரி கட்புஷ் என்னும் அம்மையாரும் நீலகிரி மக்களின் குருதியை ஆராய்ந்தனர். இருளர், குறும்பர், பணியர் முதலியோரிடையே நூற்றுக்கு முப்பது பேர் அளவில் அரிவாள் அணுக் கூறு இருப்பதைக் கண்டு, 1952-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். தென்னிந்தியாவில் இக்கூறு உண்டென்பதை உலகம் அறிந்தது அவ்வாறே. அதே ஆண்டில், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையேயும் இந்நோய் இருப்பதாக வேறிரு மருத்துவர்கள் எழுதினர்.

இக்கூறு சில பகுதிகளில் மிகுந்தும், சில பகுதிகளில் அருகியும் இருப்பது ஏன்? இவ்வினாவுக்கு விடை தரும் கருத்தை 1949-இல் கூறியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அவர் பின்னாளில் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். தலசீமியாவின் தாங்குநர்கள் மலேரியாவை எதிர்த்துப் பிழைக்கும் ஆற்றல் மிகுந்தவராகலாம் என்று அவர் எண்ணினார். அரிவாள் அணுக் கூற்றைத் தாங்குவோர்க்கு அவ்வாற்றல் உண்டென்பதை 1954-இல் ஆந்தனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகளால் காட்டினார். மலேரியாக் கொசு மலிந்த காடுகளில் இக்கூறு ஒருவகையில் காவலாக நின்றது. எனவே, அது எந்தக் குலத்துக்கும் இழிவன்று. எந்த ஊருக்கும் பழியன்று. மலேரியாவோடு மக்கள் நடத்திய நீண்ட போரின் தழும்பே அது.

1980-களில் நடந்த ஆய்வுகள், இந்தியாவில் காணப்படும் அரிவாள் அணுக் கூறு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததன்று, தனியே தோன்றியது என்பதற்குச் சான்று தந்தன.

ஆய்வுக்கூடத்தில்

ஆய்வின் முதற்படி எளியது. கையின் நாளத்திலிருந்து சிறிதளவு குருதி எடுத்து, உறையாமல் காக்கும் பொருள் இட்ட குழாயில் சேர்ப்பர். பின்னர் எண்ணும் பொறியில் அதனைச் செலுத்துவர். அப்பொறியில் மின்னோட்டம் பாயும் ஒரு நுண்ணிய துளை உண்டு. ஒவ்வொரு செவ்வணுவும் அத்துளையைக் கடக்கும்போது மின்னோட்டம் கணநேரம் தடைப்படும். தடையின் எண்ணிக்கை அணுக்களின் எண்ணிக்கையைத் தரும். தடையின் அளவு அணுவின் பருமனைத் தரும். நலமுடைய செவ்வணுவின் சராசரிப் பருமன் 80 முதல் 100 கன மைக்ரான் ஆகும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இரும்பு குறைந்தவர்களுக்கும் செவ்வணு சிறுக்கும். தலசீமியாத் தாங்குநர்களுக்கும் செவ்வணு சிறுக்கும். இவ்விடத்தில் எளிய கணக்கு ஒன்று துணைபுரிகின்றது. ஒருவருக்குச் சராசரிப் பருமன் 70. செவ்வணுக்கள் 42 இலட்சம். மற்றொருவருக்குப் பருமன் 64. செவ்வணுக்கள் 56 இலட்சம். எண்ணிக்கையைப் பத்து இலட்சக் கணக்கில் கொண்டு, பருமனை அதனால் வகுத்தால், முதல்வருக்கு 70-ஐ 4.2 வகுக்க ஏறத்தாழ 17 வரும்; இரண்டாமவருக்கு 64-ஐ 5.6 வகுக்க ஏறத்தாழ 11 வரும். ஈவு 13-க்கு மேற்பட்டால் இரும்புக் குறைவையும், 13-க்குக் கீழ்ப்பட்டால் தலசீமியாக் கூற்றையும் ஐயுற வேண்டும் என்று 1973-இல் மென்ட்சர் என்பார் எடுத்துரைத்தார். நூல் குறைந்த தறியில் துணியும் குறையும். நெசவு பழுதான தறியிலோ சிறுசிறு துண்டுகள் மிகுதியாக வந்து விழும். இக்கணக்கின் உட்பொருள் அதுவே. எனினும், இது வழிகாட்டியேயன்றித் தீர்ப்பன்று.

அடுத்த படி, குருதியைக் கண்ணால் காண்பது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இட்டு, மற்றொரு தகட்டின் விளிம்பால் மெல்லெனப் பரப்பி, உலர்த்திச் சாயம் ஏற்றுவர். இதற்குப் பயன்படும் சாயங்களுள் ஒன்று, இந்தியாவில் படைமருத்துவராகப் பணிபுரிந்த வில்லியம் லீஷ்மன் 1901-இல் அமைத்தது. நுண்ணோக்கியின் கீழ், வெளிறிச் சிறுத்த அணுக்கள் தெரியலாம். அம்பெய்வோரின் இலக்குப் பலகை போல நடுவில் புள்ளியுடைய அணுக்கள் தெரியலாம். அரிவாள் அணுக்கள் தெரியலாம். குழிவின்றி உருண்ட அணுக்களும் தெரியலாம். பயின்ற கண் இவற்றைக் கண்டு, மேற்செல்ல வேண்டிய வழியை உணரும்.

பெரிய கருவிகள் இல்லாத சிற்றூர்களிலும் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. நூற்றுக்கு 0.36 பங்கு உப்புக் கலந்த நீரை ஒரு சோதனைக்குழாயில் எடுத்து, அதில் ஒரு துளி குருதியை இடுவர். நலமுடைய செவ்வணு இத்துணை உப்புக் குறைந்த நீரை உறிஞ்சி உப்பி உடைந்துவிடும். நீர் தெளிந்த சிவப்பாகும். குழாய்க்குப் பின்னே வெண்தாளில் வரைந்த கருங்கோடு தெளிவாகத் தெரியும். தலசீமியாத் தாங்குநரின் அணுவோ உடைவதில்லை. நீர் நிரம்பாத பை, மேலும் நீரை ஏற்று விரிவதற்கு இடமுடையது அன்றோ? அணுக்கள் உடையாமல் மிதப்பதால் நீர் கலங்கிக் கருங்கோடு மறையும். கோடு மறைந்தவர்களை மட்டும் மேல் ஆய்வுக்கு அனுப்பினால் போதும். இதற்கு நேர்மாறாக, பந்து போல் உருண்ட அணுவுக்கு விரிய இடமில்லை. ஆதலால் அது உப்பு மிகுந்த நீரிலேயே விரைவில் வெடித்துவிடும்.

அரிவாள் அணுவை அறியவும் எளிய வழிகள் உள்ளன. ஒரு துளி குருதியோடு சோடியம் மெட்டாபைசல்பைட்டு என்னும் உப்பின் கரைசலைக் கலந்து கண்ணாடியால் மூடினால், அவ்வுப்பு பிராணவாயுவை நீக்கிவிடும். அரிவாள் கூறு இருப்பின், வட்ட அணுக்கள் காண்போர் கண்முன்னே வளைந்து அரிவாளாகும். கரைதிறன் சோதனை என்பது மற்றொன்று. பிராணவாயு நீங்கிய அரிவாள் ஹீமோகுளோபின் கரையாமல் கரைசலைக் கலங்கச் செய்யும். குழாய்க்குப் பின்னேயுள்ள கோடு மறையும். ஆனால் இவ்விரு சோதனைகளும் கூறு உண்டா இல்லையா என்பதை மட்டுமே கூறும். அவர் தாங்குநரா, நோயாளரா என்று கூறமாட்டா. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, நலமுடைய ஒருவரை நோயாளர் என அஞ்சச் செய்வது பெரும்பிழை.

அவ்வேறுபாட்டைக் காட்டுவன மின்பகுப்பும், நீர்ம நிறப்பகுப்புப் பொறியும் ஆகும். மின்பகுப்பில், காரத்தன்மையுள்ள கரைசலில் நனைத்த தாளின்மேல் ஹீமோகுளோபினை இட்டு மின்சாரம் செலுத்துவர். பெரியோர்க்கு இயல்பான 'ஏ' வகை முன்னே ஓடும்; சிசுக்களுக்குரிய 'எஃப்' வகை அதனை அடுத்து நிற்கும்; அரிவாள் வகையான 'எஸ்' அதற்கும் பின்தங்கும்; 'ஏ2' என்னும் சிறுபான்மை வகை கடைசியில் நிற்கும். 'ஏ'யும் 'எஸ்'ஸும் சேர்ந்து தெரிந்து, அவற்றுள் 'ஏ' மிகுந்திருப்பின் அவர் தாங்குநர். 'ஏ' சிறிதுமின்றி 'எஸ்' மிகுந்திருப்பின் அவர் நோயாளர். நிறப்பகுப்புப் பொறி இவ்வகைகளின் விழுக்காட்டையும் துல்லியமாக அளந்து தரும். இயல்பாக 'ஏ2' நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு அளவில் இருக்கும். பீட்டாத் தலசீமியாத் தாங்குநர்க்கு அது 3.5-ஐத் தாண்டும், பெரும்பாலும் 4-க்கும் 7-க்கும் இடையே நிற்கும். இச்சிறு வேறுபாடே குடும்பமொன்றின் எதிர்காலத்தைப் பற்றி முன்கூட்டிப் பேசுகின்றது.

இவற்றாலும் ஐயம் தீராவிடின், மரபணுவையே படித்தறியும் ஆய்வு உண்டு. அதனால் இன்ன எழுத்தில் இன்ன பிழை என்று திட்டமாகக் கூறலாம். கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே குழந்தையின் நிலையையும் அறியலாம். நொதிக் குறைவை அறிவதற்கு வேறொரு சோதனை உள்ளது. மலேரியாவுக்குப் பிரைமாகுவின் என்னும் மருந்தை உண்ட சிலருடைய செவ்வணுக்கள் உடைவதற்குக் காரணம் இந்நொதிக் குறைவே என்பது 1956-இல் தெரிந்தது. அம்மருந்தைத் தருமுன் இச்சோதனை செய்வது தீங்கைத் தவிர்க்கும்.

முடிவை ஆராயும் முறை

பொறி தரும் எண்ணை அப்படியே நம்பிவிடுதல் ஆய்வாளருக்கு அழகன்று. அண்மையில் பிறர் குருதி ஏற்றிக்கொண்டவரை ஆராய்ந்தால், கொடுத்தவரின் அணுக்களும் கலந்திருப்பதால் முடிவு பிறழும். பச்சிளங் குழந்தையின் குருதியில் 'எஃப்' வகையே மிகுந்திருப்பதால், கரைதிறன் சோதனை அங்கே பயன்படாது; குதிகாலில் எடுத்த சில துளிகளை நிறப்பகுப்புக்கு அனுப்ப வேண்டும். தலசீமியாத் தாங்குநர்க்கு இரும்புக் குறைவும் சேர்ந்திருப்பின், 'ஏ2'வின் அளவு தாழ்ந்து, தாங்குநர் அல்லர் என்று மயக்கக்கூடும். அத்தகையோர்க்கு இரும்புக் குறைவை முதலில் நீக்கி, மீண்டும் ஆராய்தல் வேண்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். தாங்குநருக்கும் இரும்பு குறையலாம். அப்போது கீரையும் மாத்திரையும் அவருக்கும் வேண்டும். ஆனால் இரும்பு குறையாத தாங்குநருக்கு ஆண்டுக்கணக்கில் இரும்பைத் தருவதால் நன்மையில்லை. அடிக்கடி குருதி ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளருக்கோ, மிகுந்த இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படிந்து கேடு விளைவிக்கும்; அதனை வெளியேற்றவே அவர்களுக்கு மருந்து தரப்படுகின்றது. ஒருவருக்கு மருந்தாவது மற்றொருவருக்கு நஞ்சாகும். நோயின் காரணத்தை அறியாமல் மருந்து தருதல் தகாது என்னும் நெறி, குருதி நோய்களில் முற்றிலும் பொருந்துகின்றது.

அறிவதன் பயன்

திருப்பூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள பின்னலாடை ஆலைகளையும் நூற்பாலைகளையும் நாடி, ஒடிசா, ஜார்க்கண்டு, அஸ்ஸாம், மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் பலர் வருகின்றனர். ஒடிசாவின் சில பகுதிகளில் அரிவாள் அணுக் கூறு மிகுதி. அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் 'இ' என்னும் வேறொரு ஹீமோகுளோபின் வகை பரவலாக உள்ளது. பீட்டாத் தலசீமியாக் கூறு இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 3 அல்லது 4 பேரிடம் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. 'இ' வகையைத் தாங்கும் ஒருவரும் தலசீமியாவைத் தாங்கும் ஒருவரும் மணந்தால், அவர்களின் குழந்தைகளுக்கும் கடுஞ்சோகை வரக்கூடும். ஆதலால் இப்பகுதியின் ஆய்வுக்கூடங்களுக்கு வரும் குருதித் துளி, பாரதத்தின் எந்த மூலையின் மரபையும் தாங்கி வரலாம். ஆய்வாளர் ஒருவரது சொந்த ஊரைக் கேட்பது, அவரை அயலார் எனப் பிரிப்பதற்கன்று. அவருக்கு ஏற்ற சோதனையைத் தேர்ந்தெடுப்பதற்கே.

ஆய்வின் பயன் நோயின் பெயரைக் கூறுவதோடு முடிவதில்லை. அரிவாள் அணு நோயைப் பிறந்தவுடன் அறிந்தால், தடுப்பு மருந்துகளாலும், போதிய நீர் அருந்துதல், குளிரினின்றும் காத்துக்கொள்ளுதல் முதலிய பழக்கங்களாலும், ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்தாலும் வலியைக் குறைத்து வாழ்நாளை நீட்டிக்கலாம். தலசீமியா நோயாளர்க்கு முறையாகக் குருதி ஏற்றுதலும், மிகைப்பட்ட இரும்பை நீக்குதலும் உயிர் காக்கும். பொருத்தமான உடன்பிறந்தார் இருப்பின், எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையால் நோயையே நீக்க முடிகின்றது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் தலசீமியாவுக்கு இச்சிகிச்சை செய்யப்பட்டது.

இவை அனைத்தினும் எளியது முன்னறிதல். மணத்திற்கு முன் இருவரும் ஒருமுறை குருதியை ஆராய்ந்து கொண்டால், பின்வரும் துயரத்தைத் தவிர்க்க வழியுண்டு. ஒருவர் மட்டும் தாங்குநராயின் அஞ்சத் தேவையில்லை. இருவரும் தாங்குநராயின், மருத்துவரின் அறிவுரை பெற்று முடிவு செய்யலாம். ஆனால் தாங்குநர் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரு பெண்ணை ஒதுக்குவதும், ஒரு குடியைப் பழிப்பதும் அறியாமையாகும். பிழை தந்தை வழியும் வரும், தாய் வழியும் வரும். அது ஒருவர் செய்த குற்றமன்று. அவர் பெற்ற மரபு.

நீலகிரி மக்களின் குருதி பற்றிய செய்தி 1952-இல் வெளிவந்தது. கோத்தகிரியில் 1958-இல் தோன்றிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும், பின்னாளில் கூடலூரில் எழுந்த ஆதிவாசி மருத்துவமனையும் அம்மக்களிடையே மருத்துவத் தொண்டு புரிந்து வந்துள்ளன. நாடு முழுவதற்குமான தேசிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கம், மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் நகரில் 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் தொடங்கப்பட்டது. நாற்பது வயது வரையுள்ள 7 கோடி மக்களின் குருதியை ஆராய்வதும், 2047-ஆம் ஆண்டுக்குள் இந்நோயை நாட்டின் பொதுநலச் சிக்கலாக இல்லாமற் செய்வதும் அதன் நோக்கம். ஒரு துளி குருதியில் சில நிமிடங்களில் முடிவு கூறும் சிறு பட்டைகள் மலைக் குடியிருப்புகளுக்கே கொண்டு செல்லப்படுகின்றன. ஆராயப்பட்டவரின் நிலையைக் குறிக்கும் அட்டையும் அவர் கையில் தரப்படுகின்றது.

அறிஞர்கள் கண்ட உண்மை அறிவியல் இதழின் பக்கங்களில் அச்சேறியதற்கும், அவ்வுண்மை நாடு தழுவிய இயக்கமாக மலர்ந்ததற்கும் இடையே 71 ஆண்டுகள் கழிந்தன. குருதி ஆய்வு எப்போது நிறைவு பெறும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. பொறி எண்ணைத் தந்தவுடன் அது நிறைவு பெறுவதில்லை. தாளில் முடிவு எழுதப்பட்டவுடனும் நிறைவு பெறுவதில்லை. குருதியைத் தந்த கையிலேயே அதன் பொருள் திரும்ப வந்து சேர்ந்து, "உனக்கு இன்னது உண்டு, இன்னது செய், இன்னதற்கு அஞ்சாதே" என்று அவருக்கு விளங்கும் மொழியில் கூறப்படும்போதுதான் அது நிறைவு பெறுகின்றது.

வெள்ளகோவில் நெசவாளர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது துணியை எறிவதற்கன்று. பழுதைக் கண்டு சீராக்குவதற்கே. மனிதரின் குருதியை ஆராய்வதும் அவ்வாறே. வெளிறிய முகத்தோடு வந்த சிறுமியின் குருதி, "கீரை போதும்" என்று கூறலாம், "இது மரபு வழி வந்தது, அஞ்ச வேண்டா" என்றும் கூறலாம், "உடனே மருத்துவம் வேண்டும்" என்றும் கூறலாம். எதுவாயினும், உண்மையை அறிந்த அன்றே அவளுக்கு ஏற்ற வழி திறக்கின்றது.